படபடப்பும் மருந்தும்: இருதயத் துடிப்பு பற்றிய அச்சத்தின் வரலாறு

யாழ்ப்பாணத்துப் பேச்சுத் தமிழிலே ‘பதகளிப்பு’ என்றொரு சொல் வழங்கி வருகின்றது. மனம் நிலைகொள்ளாது தவிப்பதை அது குறிக்கும். ஆயினும் அவ்வாறு தவிப்பவரிடம் என்ன செய்கிறதென்று கேட்டால் அவர் கை தானாகவே நெஞ்சுக்குச் செல்லும். பொதுத் தமிழிலுள்ள ‘படபடப்பு’ என்னும் சொல்லும் இத்தகையதே. “நெஞ்சு படபடக்கின்றது” என்று ஒருவர் கூறுமிடத்து அவர் அஞ்சுகின்றார் எனவும் கொள்ளலாம். அவருடைய இருதயம் விரைந்து அடிக்கின்றது எனவும் கொள்ளலாம். நம் மொழி இவ்விரண்டையும் ஒரே சொல்லுள் அடக்கி வைத்திருக்கின்றது. மேலைத்தேய மருத்துவமோ ஏறக்குறைய இருநூறு ஆண்டுகளாக இவற்றை வேறு வேறாகப் பிரித்தறிய முயன்று வந்துள்ளது. அம்முயற்சியின் வரலாற்றை, சிறப்பாக இருதய மருந்துகளை உட்கொள்ளத் தொடங்கியோரின் அச்சத்தை முன்னிறுத்தி, நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இப்பொருளில் எனக்கு ஈடுபாடு ஏற்பட்டமைக்குச் சொந்தக் காரணமொன்றும் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன்னர் இருதயத் துடிப்பைத் தணிக்கும் மாத்திரையொன்று எனக்கு விதிக்கப்பட்டது. அதனை உட்கொள்ளத் தொடங்கிய முதல் மூன்று வாரங்களும், விரிவுரை நிகழ்த்தும்போதுங்கூட, இடக்கை மணிக்கட்டிலே வலக்கை விரல்களை வைத்து நாடியை எண்ணிக்கொண்டிருந்தேன் என்பதை ஒப்புக்கொள்ளவேண்டும். எண்ணிக்கை 58 ஆகக் குறைந்தால் இருதயம் நின்றுவிடுமோ என்ற அச்சம். 90 ஆக ஏறினால் மருந்து பலிக்கவில்லையோ என்ற அச்சம். இடையே ஒரு துடிப்புத் தவறி அடுத்தது மார்பில் மோதினால், அன்றிரவு உறக்கமில்லை. இவ்வச்சம் எனக்கு மட்டும் உரியதன்று என்பதையும், இதற்கு ஒரு நீண்ட வரலாறு உண்டென்பதையும் பின்னரே அறிந்தேன்.

நாடியையும் மனத்தையும் ஒருங்கே வைத்து ஆராய்ந்தோருள் கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் உரோமாபுரியில் வாழ்ந்த கேலன் குறிப்பிடத்தக்கவர். உறக்கமின்றி வருந்திய பெண்ணொருத்தியின் நாடியை அவர் பிடித்திருந்தபோது, பிலாடிஸ் என்னும் கூத்தனின் பெயர் தற்செயலாகச் சொல்லப்பட்டது. உடனே அவளது நாடி குழம்பியது. அடுத்தடுத்த நாட்களில் வேறு கூத்தர்களின் பெயர்களைச் சொல்வித்து, அவற்றுக்கு நாடி மாறாமையையும் அவர் கண்டுகொண்டார். ஆயின் நாடியின் வேகத்தை எண்ணால் அளக்கும் வழக்கம் மிகப் பிந்தியே தோன்றியது. ஆங்கில வைத்தியரான ஜோன் ஃபுளோயர் ஒரு நிமிட நேரம் ஓடும் நாடிக் கடிகாரத்தைச் செய்வித்து, அது பற்றிய நூலை 1707இல் வெளியிட்டார். நோயாளி உணர்வதும் வைத்தியர் எண்ணுவதும் ஒன்றோடொன்று முரண்படக்கூடும் என்னும் சிக்கல் அக்கடிகாரத்தோடு பிறந்ததெனலாம்.

இருதய மருந்தின் வரலாறு 1775இல் தொடங்குகின்றதென்பது மரபு. அவ்வாண்டில், நீர்க்கோவை எனப்படும் உடல் வீக்கத்துக்கு ஷ்ரொப்ஷயரில் மூதாட்டியொருத்தி இரகசியமாகக் கொடுத்துவந்த குடும்ப மருந்தைப் பற்றிக் கருத்துக் கூறுமாறு வில்லியம் விதரிங் என்னும் வைத்தியர் கேட்கப்பட்டார். இருபதுக்கும் மேற்பட்ட மூலிகைகள் சேர்ந்த அக்கலவையில் பயன்தருவது டிஜிற்றாலிஸ் என்னும் ஊதாப்பூச் செடியே என அவர் உய்த்தறிந்தார். தாவரவியலிலும் வல்லவரான அவருக்கு அது கடினமாக இருந்திராது. அவரது பெருமை செடியைக் கண்டுபிடித்தமையில் இல்லை. அதன் அளவைக் கண்டுபிடிக்கப் பத்து ஆண்டுகள் பொறுமை காத்தமையிலேயே உள்ளது. 1785இல் அவர் வெளியிட்ட நூலில் 160க்கு மேற்பட்ட நோயாளரின் வரலாறுகள் இடம்பெற்றுள்ளன. மருந்து வெற்றியளித்தவர்களை மட்டுமன்றி, அளவு மிஞ்சியதால் வாந்தியெடுத்தவர்களையும், பார்க்கும் பொருள்கள் மஞ்சளாகவும் பச்சையாகவும் தோன்றியவர்களையும், நாடி 35 வரை தாழ்ந்தவர்களையும் மறைக்காமல் அவர் எழுதியுள்ளார்.

விதரிங் வகுத்த விதி எளிமையானது. சிறுநீரிலோ, வயிற்றிலோ, நாடியிலோ, குடலிலோ மருந்தின் செயல் தோன்றும் வரை அதனைக் கொடுக்கலாம். அவற்றுள் யாதேனும் ஒன்று தோன்றியவுடன் நிறுத்திவிடவேண்டும். இவ்விதியில் ஒரு நுட்பம் பொதிந்துள்ளது. மருந்தின் அளவை வைத்தியரின் தராசு மட்டும் தீர்மானிப்பதில்லை. நோயாளி தன் உடலில் உணர்ந்து சொல்வதும் சேர்ந்தே தீர்மானிக்கின்றது. அவருக்குப் பின்வந்தோர் இதனை மறந்து, காசநோய் உட்படப் பல நோய்களுக்கும் டிஜிற்றாலிசை அள்ளிக் கொடுத்தனர். மருந்தின் பெயரும் கெட்டது. இம்மறதி பிற்காலத்திலும் வேறொரு வடிவில் தோன்றியது. அச்செடியின் இனமொன்றிலிருந்து 1930இல் பிரித்தெடுக்கப்பட்ட டிஜொக்சின் மாத்திரையாக விற்கப்பட்டபோது, மாத்திரையின் மேற் குறித்த அளவே உடலிற் சேரும் அளவென வைத்தியர் நம்பினர். 1971இல் நான்கு வகை டிஜொக்சின் மாத்திரைகளை ஒப்பிட்டுப் பார்த்த அமெரிக்க ஆய்வாளர், ஒரே அளவு குறிக்கப்பட்டிருந்தும் குருதியிற் சேரும் மருந்தின் அளவு ஏழு மடங்கு வரை வேறுபடுவதைக் கண்டனர். “புதுக் குளிசை எனக்கு ஒத்துவரவில்லை” என்று அதற்கு முன்னர் முறையிட்ட எத்தனை பேர் வீண் அச்சக்காரர் எனத் திருப்பி அனுப்பப்பட்டிருப்பர்!

படபடப்பைத் தனியொரு நோயாகக் கருதும் போக்குப் போர்க்களத்திலேயே வலுப்பெற்றது. 1861 முதல் 1865 வரை நடைபெற்ற அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது, பிலடெல்பியாவில் இராணுவ வைத்தியசாலையொன்றிற் பணியாற்றிய ஜேக்கப் மென்டெஸ் டா கொஸ்தா, நெஞ்சுப் படபடப்பு, மார்பு நோவு, மூச்சிரைப்பு ஆகியவற்றால் வருந்திய 300க்கு மேற்பட்ட போர்வீரரை ஆராய்ந்து 1871இல் கட்டுரையொன்றை வெளியிட்டார். அவர்களுட் பலருக்கு இருதயத்தில் வெளிப்படையான பழுது எதுவும் இருக்கவில்லை. இதனை அவர் ‘எரிச்சலுற்ற இருதயம்’ எனப் பொருள்படும் பெயரால் வழங்கினார். ஓய்வையும் டிஜிற்றாலிசையும் விதித்தார்.

முதலாம் உலகப் போரின்போது பிரித்தானியப் படையில் இச்சிக்கல் பெருமளவில் தலைதூக்கியது. முணுமுணுப்பு ஒலியோ, தவறிய துடிப்போ கேட்டவுடன் வீரனுக்கு வால்வு நோய் என்று முத்திரை குத்திப் பல மாதம் படுக்கையிற் கிடத்துவது அன்றைய வழக்கம். படுத்துக் கிடந்தவன் என்ன செய்வான்? தன் நெஞ்சின் ஒலியையே கேட்டுக்கொண்டிருப்பான். இவ்வழக்கத்தை எதிர்த்தவருள் முதன்மையானவர் ஜேம்ஸ் மக்கென்சி. லங்காஷயரின் பேர்ன்லி நகரிலே சாதாரண குடும்ப வைத்தியராக இருந்த இவர், நாடியை வரைந்து காட்டும் கருவியொன்றை அமைத்து, ஒழுங்கற்ற துடிப்புடையோரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார். அவர்களுட் பலர் யாதொரு தீங்குமின்றி வாழ்வதை அவர் கண்டார். பெரிய வைத்தியசாலைகளின் நிபுணர்களுக்கு வாய்க்காத வசதி இது: ஒரே நோயாளியை இருபதாண்டு காணும் வசதி.

மக்கென்சியின் வழிவந்த தோமஸ் லூயிஸ், ஹாம்ப்ஸ்டெட்டிலும் பின்னர் கொல்செஸ்டரிலும் அமைந்த இராணுவ இருதய வைத்தியசாலையில் இவ்வீரர்களை ஆராய்ந்து, 1918இல் தம் நூலை வெளியிட்டார். இவர்களைப் படுக்கையிலிருந்து எழுப்பி, சிறிது சிறிதாகக் கூடும் உடற்பயிற்சியில் ஈடுபடுத்துவதே அவர் மேற்கொண்ட முறை. இருதயத்தின் ஒலியைவிட, வேலைக்கு அது எவ்வாறு ஈடுகொடுக்கின்றது என்பதே அவருக்கு முக்கியமாயிற்று. கணிசமானோர் மீண்டும் பணிக்குத் திரும்பினர். டா கொஸ்தா போற்றிய டிஜிற்றாலிஸ் இத்தகையோரின் துடிப்பைத் தணிப்பதில்லை என்பதை அக்காலத்திலேயே ஜோன் பார்க்கின்சன் காட்டினார். பயிற்சி பயனளித்தது, மருந்து பயனளிக்கவில்லை என்னும் இம்முடிவு இன்றைக்கும் சிந்திக்கத்தக்கது.

ஆயின் இவ்வெற்றிக்கு மறுபக்கமும் உண்டு. 1941இல் போல் வூட் என்னும் இருதய வைத்தியர், டா கொஸ்தா கண்ட குறிகள் யாவும் அச்சத்தின் உடற்குறிகளே என நிறுவ முற்பட்டார். பெரும்பாலும் அவர் கூறியது சரியே. எனினும் ‘அச்சந்தான்’ என்னும் தீர்ப்பு வைத்தியர் கையில் மிக எளிதான கருவியாகிவிட்டது. 1997இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்று, இருதயத்தின் மேலறைப் பகுதியிலிருந்து எழும் விரைதுடிப்பு நோய் உறுதிசெய்யப்பட்ட 107 பேரின் பழைய பதிவுகளைப் பரிசீலித்தது. அவர்களுள் 59 பேருக்கு முதலாவது பரிசோதனையில் நோய் கண்டறியப்படவில்லை. அது தெரியவர நடுத்தரமாக 3.3 ஆண்டுகள் சென்றன. அந்த 59 பேரிற் பாதிக்கு மேற்பட்டோருக்குக் கூறப்பட்ட காரணம் பீதி, பதற்றம், மனவழுத்தம் என்பனவாம். இவ்வாறு கூறப்பட்டோருள் ஆண்களைவிடப் பெண்களின் வீதம் கூடுதலாக இருந்தது. அவர்களுக்கு அச்சமும் இருந்தது, நோயும் இருந்தது. ஒன்று இருப்பதால் மற்றது இல்லையெனக் கொண்டமையே தவறு.

நோயாளியின் உணர்வு மருத்துவத்துக்கு வழிகாட்டிய ஒரு நிகழ்ச்சியை இங்கு விரித்துக் கூறுதல் தகும். 1912இல் ஒல்லாந்த வணிகர் ஒருவர், ஒல்லாந்தரான காரெல் பிரெடெரிக் வெங்கபாக் என்னும் புகழ்பெற்ற இருதய வைத்தியரிடம் வந்தார். அவருக்கு இருந்தது சோணையறை நடுக்கம். அதாவது மேலறைகள் ஒழுங்காகச் சுருங்காது நடுங்க, நாடி முற்றிலும் தாறுமாறாக ஓடும் நிலை. உடனடி ஆபத்து இல்லையென வைத்தியர் தேறுதல் கூறினார். துடிப்பை ஒழுங்குபடுத்துவதாக உறுதியளிக்கத் தம்மால் இயலாது என்றும் கூறினார். வணிகர் இதனை ஏற்கவில்லை. தம் தொழிலிலே ஒழுங்கு காப்பவர் அவர். இருதயத்தின் ஒழுங்கீனத்தை நீக்க முடியாவிடில் இருதய நிபுணர் எதற்கு என்பது அவர் வினா. தம்மால் அது முடியுமென்று கூறிச் சென்றவர், மறுநாட் காலையில் ஒழுங்கான நாடியோடு திரும்பி வந்தார். ஒரு கிராம் கொயினா உட்கொண்டால் இருபது இருபத்தைந்து நிமிடங்களில் துடிப்புச் சீராகும் என்பதை அவர் தற்செயலாகக் கண்டுபிடித்து வைத்திருந்தார்.

கொயினா நமக்குப் புதியதன்று. 1934-35இல் இந்நாட்டை வாட்டிய மலேரியாக் கொள்ளைநோயிலே அதன் கசப்பை நாவில் அறியாத கிராமத்தவர் சிலரே. அதனைத் தரும் சிங்கோனா மரத்தை இலங்கையில் வளர்ப்பதற்கென்றே 1861இல் ஹக்கலைத் தோட்டம் நிறுவப்பட்டது. 1869இல் தோன்றிய இலைநோய் கோப்பியை அழித்தபோது தோட்டத்துரைமாரிற் பலர் சிங்கோனாவை நாடினர் என்பதும், பின்னர் விலை வீழ்ந்து அதனைக் கைவிட்டுத் தேயிலைக்கு மாறினர் என்பதும் நம் பொருளாதார வரலாற்று மாணவர் அறிந்தவையே. காய்ச்சலுக்கென நட்ட மரத்திலே இருதய மருந்தும் இருந்தது என்பதை அத்துரைமார் அறிந்திலர்.

வெங்கபாக் அந்நோயாளியை எள்ளி ஒதுக்காமல் ஏனையோரிலும் கொயினாவைச் சோதித்தார். ஒரு சிலருக்கே அது பலித்தது. ஆயினும் 1914இல் வெளியிட்ட தம் நூலில் அதனைக் குறித்து வைத்தார். அக்குறிப்பைக் கண்ட வால்டர் ஃபிரை என்னும் வைத்தியர், அம்மரப்பட்டையிலுள்ள ஏனைய காரப்போலிகளையும் ஒப்பிட்டு, குயினிடின் என்பதே சிறந்ததென 1918இல் அறிவித்தார். ஒழுங்கற்ற துடிப்புக்குரிய நவீன மருந்துகளின் வரிசை இவ்வாறு ஒரு வணிகரின் பிடிவாதத்தால் தொடங்கியது. அதே குயினிடின் சிலருக்குத் திடீர் மயக்கத்தையும் மரணத்தையும் விளைவித்தமையும் விரைவிலேயே தெரியவந்தது. துடிப்பை ஒழுங்குபடுத்தும் மருந்து துடிப்பைக் குலைக்கவும் வல்லது என்னும் உண்மை அன்றே வெளிப்பட்டும், அதன் முழுப்பொருள் எழுபதாண்டுகளின் பின்னரே உணரப்பட்டது.

அதனை உணர்த்தியது 1987இல் அமெரிக்காவில் ஆரம்பிக்கப்பட்ட பெரிய பரிசோதனையாகும். மாரடைப்பிலிருந்து தப்பியோரின் மின்வரைபிலே முந்து துடிப்புகள் மிகுந்திருப்பின் அவர்கள் திடீரென இறக்கும் வாய்ப்பும் மிகுதி என்பது தெரிந்திருந்தது. ஆகவே அத்துடிப்புகளை அடக்கினால் உயிர் காக்கலாமென எல்லாரும் நம்பினர். அடக்கவல்ல மருந்துகளும் இருந்தன. எவருக்கு அவை பலிக்கின்றன என்று முன்கூட்டியே பார்த்தே ஆட்களும் தெரிவு செய்யப்பட்டனர். என்கைனைட், ஃபிளக்கைனைட் என்னும் இரு மருந்துகளில் ஒன்றைப் பெற்ற 755 பேரில் 63 பேர் இறந்தனர். வெற்று மாத்திரை பெற்ற 743 பேரில் இறந்தோர் 26 பேர் மட்டுமே. 1989இல் அவ்விரு மருந்துகளின் பரிசோதனை இடைநடுவில் நிறுத்தப்பட்டது. வரைபு தூய்மையாயிற்று, மனிதர் மாண்டனர். இருதய மருத்துவத்தில் இதைவிடக் கசப்பான பாடம் வேறொன்றிருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. “துடிப்புத் தவறுகின்றதே, அதை முற்றாக நிறுத்த மருந்தில்லையா?” என்று கேட்கும் நோயாளிக்கு, பழுதற்ற இருதயமாயின் மருந்து வேண்டாமென இன்றைய வைத்தியர் தயங்காமற் கூறுவதன் பின்னணி இதுவே.

அவ்வாறு கூறுவதற்குத் துணைநின்ற மற்றொரு சாதனம் நோர்மன் ஹோல்டரின் கருவி. மொன்டானாவைச் சேர்ந்த இவ்வறிஞர் முதலில் அமைத்த கருவி ஏறத்தாழ 38 கிலோகிராம் நிறையுடையது. அதனை முதுகிற் சுமந்தே மின்வரைபைப் பதியவேண்டியிருந்தது. 1961இல் அவர் தம் கட்டுரையை வெளியிடும்போது அது கையடக்கமாகிவிட்டது. வைத்தியர் முன்னிலையிற் படுத்திருக்கும் ஒரு நிமிடத்துக்குப் பதிலாக, உண்டு உறங்கி உழைக்கும் ஒரு முழுநாளையும் பதிவுசெய்ய வழி பிறந்தது. 1977இல் இருதய நோயில்லாத 50 மருத்துவ மாணவருக்கு இக்கருவியைப் பொருத்திப் பார்த்தபோது, ஏறக்குறையப் பாதிப்பேருக்கு முந்து துடிப்புகள் இருப்பது தெரியவந்தது. பரீட்சைக் காலத்தில் தம் நெஞ்சு தவறி அடிப்பதாகக் கலங்கும் எம் மாணவர் இதனை நினைவில் வைத்திருத்தல் நன்று.

தவறியதாக நாம் உணர்வது உண்மையில் தவறிய துடிப்பன்று என்பதையும் ஈண்டு விளக்கலாம். உரிய காலத்துக்கு முன்னர் ஒரு துடிப்பு நிகழ்கின்றது. அப்பொழுது இதயவறை போதியவளவு குருதியால் நிரம்பியிராமையால் நாடியில் அது எட்டுவதில்லை. அதனையடுத்து நீண்ட இடைவெளி உண்டாகின்றது; அவ்விடைவெளியில் அறை மிகுதியாக நிரம்ப, அடுத்த துடிப்பு ஓங்கி மோதுகின்றது. நம்மைத் திடுக்கிடச் செய்வது அந்த ஓங்கிய, ஆயின் முற்றும் இயல்பான, துடிப்பே.

இனி, இன்று பலரும் உட்கொள்ளும் பீற்றா தடுப்பு மருந்துகளுக்கு வருவோம். அதிரினலின் இருதயத்தை முடுக்குவதைத் தடுத்தால் அதன் ஒட்சிசன் தேவை குறையுமென ஜேம்ஸ் பிளாக் கருதினார். அவர் உருவாக்கிய புரோப்பிரனலோல் 1964இல் அறிவிக்கப்பட்டது. 1988இல் அவர் நொபெல் பரிசையும் பகிர்ந்துகொண்டார். மார்பு நெரிவுக்கென வந்த அம்மருந்து, பதற்றமுற்றோரின் படபடப்பையும் தணிப்பதை 1966இல் இலண்டன் ஆய்வாளர் இருவர் காட்டினர். அஞ்சுவதால் நெஞ்சு படபடக்கின்றதா, நெஞ்சு படபடப்பதை உணர்வதால் அஞ்சுகின்றோமா என்று 1884இல் வில்லியம் ஜேம்ஸ் எழுப்பிய வினாவுக்கு மாத்திரை வடிவில் ஒரு பாதி விடை கிடைத்தது. பாதி விடை என்றதன் காரணம், உடலின் படபடப்பு அடங்கியபோதும் மனத்தின் கவலை பலருக்கு எஞ்சி நின்றமையாகும்.

இம்மருந்தோடு பழகும் காலத்திலேதான் அச்சம் தன் பொறியை வைக்கின்றது. தொடக்கத்திற் சோர்வு, கை குளிர்தல், குழப்பமான கனவுகள் ஆகியன சிலருக்கு உண்டாகும். துடிப்பு மெதுவாகும்போது ஒவ்வொன்றும் நிறைந்து வருவதால், மோதல் முன்னையிலும் தெளிவாக உணரப்படலாம். இவற்றைக் கண்டு அஞ்சி மாத்திரையைச் சடுதியாக நிறுத்துவோர் உளர். அவ்வாறு நிறுத்திய நெரிவு நோயாளர் சிலருக்கு நோவு கடுமையாகி, மாரடைப்பும் ஏற்பட்டமை 1974, 1975ஆம் ஆண்டுகளில் மருத்துவ ஏடுகளில் அறிவிக்கப்பட்டது. மருந்தினால் மூடப்பட்டிருந்த காலத்தில் இருதயம் அதிரினலினுக்குரிய வாங்கிகளைப் பெருக்கிக்கொள்கின்றது. மூடி திடீரென அகன்றதும் அவை யாவும் ஒருங்கே விழித்துக்கொள்கின்றன. படபடப்புக்கு அஞ்சி மருந்தை விட்டவருக்கு உண்மையான படபடப்பே பரிசாகக் கிடைக்கின்றது. அளவைக் குறைப்பதாயினும் நிறுத்துவதாயினும் வைத்தியரின் மேற்பார்வையில், படிப்படியாகவே செய்யவேண்டுமென்னும் விதி இவ்வனுபவத்திலிருந்து பிறந்ததாகும். மயக்கம், மார்பு நோவு, மூச்சுத்திணறல் ஆகியவற்றோடு கூடிய படபடப்பு வேறு வகையினது. அதற்குக் காத்திருத்தல் தகாது.

அண்மைக்கால ஆய்வொன்றையும் குறிப்பிட்டாகவேண்டும். அது படபடப்பு மருந்தைப் பற்றியதன்று. கொழுப்பைக் குறைக்கும் ஸ்ரற்றின் மாத்திரையைப் பற்றியது. பக்கவிளைவுகளைத் தாங்கமாட்டாது அம்மாத்திரையை முன்னரே கைவிட்ட 60 பேரை இலண்டன் ஆய்வாளர் ஓராண்டுக்குத் தொடர்ந்தனர். சில மாதங்களில் மருந்து, சில மாதங்களில் வெற்று மாத்திரை, சில மாதங்களில் எதுவுமில்லாத போத்தல். மாத்திரையில் மருந்து உண்டா இல்லையா என்பது அவர்களுக்குத் தெரியாது. நாள்தோறும் தம் உடல்வருத்தத்தை அவர்களே நூற்றுக்கு இத்தனையென மதிப்பிட்டனர். 2020இல் வெளியான முடிவின்படி, மாத்திரையற்ற மாதங்களின் சராசரி 8.0, வெற்று மாத்திரையில் 15.4; மருந்தில் 16.3. வருத்தம் பொய்யன்று. ஆயின் அதிற் பெரும்பகுதி மாத்திரையை விழுங்கும் செயலிலிருந்தே எழுந்தது. தத்தம் பதிவுகளைத் தாமே பார்த்த பின்னர், அவர்களிற் பாதிப்பேர் மருந்தை மீண்டும் தொடங்கினர். அவர்களை அச்சக்காரரென எவரும் கூறவில்லை. அவர்களே பதிவுசெய்த எண்களை அவர்களிடம் கொடுத்தனர், அவ்வளவே.

என் வைத்தியரும் ஏறக்குறைய அதனையே செய்தார். நாடியைப் பார்க்கவேண்டாமென்று அவர் சொல்லவில்லை. காலையில் எழுந்ததும் ஒருமுறை, மாலையில் ஒருமுறை, ஐந்து நிமிடம் அமர்ந்திருந்த பின்னர் முழு நிமிடம் எண்ணிக் கொப்பியில் எழுதும்படியும், மற்றைய நேரங்களில் கையை எடுத்துவிடும்படியும் கூறினார். நான்காம் வாரம் கொப்பியைப் புரட்டிப் பார்த்தோம். காலை எண்கள் 60க்கும் 66க்கும் இடைப்பட்டிருந்தன. ஒரேயொரு நாளில் மட்டும் 88. அன்றைய பக்கத்தின் ஓரத்திலே, இரவு முழுவதும் உறங்காது நாடி பார்த்ததாக என் கையெழுத்திலேயே குறித்திருந்தது.